ஏழாவது கொக்கி

பட்டாபிராம்,
20.8.1989

அன்புள்ள மாமாவுக்கு,

வல்லி எழுதுவது. நானும் வீடும், வாரம் தவறாமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கும் உங்கள் சைக்கிளும் சுகம். மஸ்கட் வெயிலுக்குத் தப்பி, வேளைக்குச் சாப்பிட்டு நீங்கள் நன்றாக இருக்கப் பொன்னியம்மன் துணை இருப்பாள். துணை வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் இருப்பாள். உங்கள் கொள்கை எல்லாம் அவளுக்குத் தெரியாது.

லீவு முடிந்து நீங்கள் விமானம் ஏறி ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. பேசி அனுப்பிய கேசட் போன வாரம் வந்து சேர்ந்தது. முதல் பக்கம் முழுக்க உலக நிலவரம். இரண்டாம் பக்கம் முக்கால்வாசி இந்திய நிலவரம். கடைசியில் அவசர அவசரமாக, “வல்லி, ஒடம்ப பாத்துக்கோ” என்று மூன்றே வார்த்தை. அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டதில் டேப் அங்கே மட்டும் இழுக்கிறது. அடுத்த கேசட்டில் உலகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கம்பெனி விஷயம். செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றும் எங்கள் செக்‌ஷனில் கன்னியம்மா என்று ஒரு பெண் இருக்கிறாள். பருத்திப்பட்டிலிருந்து வருகிறாள். நீங்கள் இங்கே ஃபிட்டராக இருந்த காலத்துக்குப் பிறகு சேர்ந்தவள், அதனால் உங்களுக்குத் தெரியாது. அவளுக்கு நாலு மாத ஆண் குழந்தை. பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். காலையில் பத்து மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் பாத்ரூமுக்குப் போய்ப் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். அழுதது தெரியக்கூடாதாம். பக்கத்து மேஜையில் இருக்கும் எனக்குத் தெரியாமலா போகும்?

போன மாதம் ஒருநாள் அந்தப் பக்கத்து வீட்டம்மா ஒரு சாவுக்குப் போய்விட்டார். இவள் வேறு வழியில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, செம்புக்கம்பி வரும் அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துப் படுக்க வைத்து, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாள். பதினொரு மணி வரை சத்தமே இல்லை. அப்புறம் ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், இரண்டு வரிசை தாண்டி மெஷின் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு மெமோ கொடுத்தார்.

என் கோபம் உங்களுக்குத் தெரியும். நலக் கமிட்டியில் பெண்கள் சார்பில் என்னைப் போட்டிருக்கிறார்களே, சும்மா பேருக்கா? அன்று சாயங்காலமே ஒரு மனு எழுதினேன். பூட்டிக் கிடக்கும் பழைய பேக்கிங் ரூமைத் திறந்துவிட வேண்டும், ஒரு ஃபேன், தூளி கட்டக் கொக்கி, பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. இவ்வளவுதான். முப்பது பெண்களும் கையெழுத்துப் போட்டோம். எதிலும் லேசில் கையெழுத்துப் போடாத சகாயமேரி கூட ஒரே தடவை படித்துவிட்டுப் போட்டாள்.

முப்பது என்ற எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது, மாமா. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் கம்பெனி குழந்தைகளுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். அதனால் நம் கம்பெனியில் முப்பத்தோராவது பெண்ணுக்கு எப்போதும் வேலை காலியில்லை. ஒருத்தி நின்றால்தான் இன்னொருத்தி உள்ளே வர முடியும்.

மனு போனதோ இல்லையோ, நாலே நாளில் எனக்கு மூன்று பட்டம் கிடைத்துவிட்டது. முதலில் உங்கள் ஆருயிர் நண்பர், சிவப்புக்கொடிச் சங்கத்துச் செயலாளர் தங்கவேல் அண்ணன். நம் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவர் ஆயிற்றே என்று முதலில் அவரிடம்தான் காட்டினேன். “இன்னா தங்கச்சி இது? சட்டத்துல இல்லாதத மொதலாளி மனசு வெச்சு குடுத்தா அது உரிமையில்ல, பிச்சை. இது சுத்த வலதுசாரிப் போக்கு” என்றார். சரி என்று பச்சைக்கொடிச் சங்கத்துத் துலுக்கானம் அண்ணனிடம் போனேன். முதலாளியோடு ஒத்துப்போவதே அவர் சங்கத்துக் கொள்கை, அவரைத்தான் எல்லோரும் வலது என்பார்கள். அவரோ, “இன்னிக்கு ரூம் கேப்பீங்கோ, நாளிக்கு கம்பெனியவே கேப்பீங்கோ. இதெல்லாம் இடதுசாரி ஆளுங்க வேலை” என்றார். கடைசியில் ஸ்டோர்ஸ் கங்காதரன். எந்தச் சங்கத்திலும் சேராதவர், நடுநிலைக்காரர். மனுவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் நாயம் கீதும்மா” என்றார். ஒரு பக்கம் குழந்தை அழுகிறது, இன்னொரு பக்கம் என்ன நியாயம் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் யோசிக்கிறார்.

கல்யாணமான புதிதில் நம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே எனக்கு இந்த வார்த்தைகளை விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எந்தக் காலத்திலோ ஏதோ வெளிநாட்டுச் சட்டசபையில், ராஜா கொட்டத்தை அடக்க வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்கள், ராஜா அப்படியே இருக்கட்டும் என்றவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்றீர்கள். உட்கார்ந்தது சரி, எழுந்து என்ன செய்தார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பொட்டலத்தில் மீதி இருந்த கடலையை எனக்கே கொடுத்தீர்கள். அதே கேள்வியைத்தான் இப்போதும் கேட்கிறேன். ஒரு குழந்தைக்கு இடம் கேட்ட நான் இடதா, வலதா, நடுவா? சொல்லிக் கொடுத்தவர் நீங்கள், திருத்தி எழுதுங்கள்.

மற்றபடி குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. காலை ரயிலில் கூட்டம் சொல்ல முடியாது. கம்பெனியில் வார்னிஷ் வாசனை இப்போதெல்லாம் குடலைப் புரட்டுகிறது. புதுச் சரக்கு போலிருக்கிறது.

தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடும்,
வல்லி


பட்டாபிராம்,
17.9.1989

அன்புள்ள கோபக்கார மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பதா, மெமோ என்பதா? மொத்தமே நாலு வரி. ‘தங்கவேல் எல்லாம் எழுதினான். நீ வலது பக்கம் சாய்ந்துவிட்டாய். கமிட்டியிலிருந்து விலகு. விலகிய பிறகு எழுது.’ அன்புள்ள என்று கூட இல்லை. படித்துவிட்டு அரைமணி நேரம் அழுதேன். அதற்கப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்ததும் பசித்தது, சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதக் கூடாது என்றால் நீங்கள் இதைப் பிரிக்காமல் வைத்துவிடுங்கள். எழுதுவதை என்னால் நிறுத்த முடியாது.

ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குத் தளம் போட வேண்டும் என்று மஸ்கட் போனீர்கள். இன்று அரபிக்காரர் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறீர்கள், உங்களுக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மாமா முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நான் என்றைக்காவது யாருக்காவது எழுதினேனா? ஜன்னல் ஓரம் வெயில் அடித்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன். எனக்கு உங்களைத் தெரியும் மாமா. உங்களுக்கு என்னைத் தெரியாதா?

கமிட்டிக் கூட்டம் போன வாரம் நடந்தது. பர்சனல் ஆபீசர் பாஸ்கல் சார் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் பேசினார்கள். தங்கவேல் அண்ணன் பேசினார், துலுக்கானம் அண்ணன் பேசினார், கங்காதரன் இருவர் பேசியதும் சரி என்று பேசினார். நான் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். இடது என்று பதினேழு தடவை, வலது என்று பதினாலு தடவை, நடுநிலை என்று ஆறு தடவை. குழந்தை என்ற வார்த்தை ஒரு தடவை கூட வரவில்லை. அதைச் சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் துலுக்கானம் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னார். “புள்ளையே இல்லாத உனுக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேலை?”

அது சுட்டது மாமா. ஒன்பது வருஷமாகச் சொந்தக்காரர்கள் ஜாடையாகச் சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டி வந்தவள்தான் நான். அன்று எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சகாயமேரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். “இன்னா அண்ணாத்தே, உனுக்குத்தான் நாலு புள்ள கீதே, ஒண்ணுக்காவது நீ கால் கழுவி வுட்டுகீறியா?” என்று கேட்டாள். பாஸ்கல் சார் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார், புரையேறிவிட்டது.

தங்கவேல் அண்ணனையும் சொல்ல வேண்டும். மேஜையைத் தட்டி எழுந்து, “துலுக்கானம், பேச்ச அளந்து பேசு. அது என் தங்கச்சி” என்று சத்தம் போட்டார். எனக்கு எதிராகப் பேச வந்தவர்தான். இருந்தாலும் அந்த இடத்தில் அவருக்கு எந்தச் சாரியும் ஞாபகம் வரவில்லை. உங்கள் நண்பர் நல்ல மனிதர் மாமா. அந்த வார்த்தைகளைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்ல மனிதர்.

கடைசியில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ‘சட்டப்படி தேவை எழவில்லை’ என்று ஒரு வரி. வருஷக் கணக்கில் எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் இதில் மட்டும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். ஒருவர் நான் வலது என்பதால், ஒருவர் நான் இடது என்பதால், ஒருவர் மற்ற இருவரும் ஆட்டியதால். வெளியே வரும்போது பாஸ்கல் சார் மேஜையில் என் ஃபைல் திறந்திருந்தது. தலைகீழாகவே படித்துவிட்டேன். ‘தீவிர இடது. கவனிக்கவும்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

அன்று சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் பெண்களெல்லாம் மூன்று ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசினோம். கன்னியம்மா வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். ஆயுத பூஜை வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

முதலாளியின் ஆயுத பூஜை சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. பூஜை போட்டது எதுவாக இருந்தாலும் மறுநாள் விஜயதசமி அன்று ஒரு சுற்றாவது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் வருஷம் முழுக்கக் கம்பெனி படுத்துவிடும் என்பார். ஒரு வருஷம், உதவாது என்று கண்டம் பண்ணி ஒதுக்கிப் போட்டிருந்த டிரில்லிங் மெஷினுக்கு யாரோ தெரியாமல் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். மறுநாள் உங்களை வீட்டிலிருந்து வரவழைத்து, முதலாளி பக்கத்திலேயே கைகட்டி நிற்க, மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி அதை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தீர்கள். முகமெல்லாம் கிரீஸோடு வந்து, “பூஜையில நம்பிக்கையில்லாதவன்தான் பூஜைய காப்பாத்தினேன்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தக் கதை இப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். மீதியைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தங்கவேல் அண்ணனுக்குக் கடிதம் போட்டுவிடுவீர்கள்.

நான் கமிட்டியிலிருந்து விலகவில்லை. விலகவும் மாட்டேன். கோபம் இருந்தால் காட்டுங்கள், எழுதிக் காட்டுங்கள். நாலு வரி இல்லாமல் நாற்பது வரியாகத் திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது ‘வல்லி’ என்று ஒரு இடத்தில் எழுதுவீர்கள் அல்லவா?

சாய்ந்தும் விழாமல் நிற்கும்,
வல்லி


பட்டாபிராம்,
15.10.1989

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதமும் இல்லை, கேசட்டும் இல்லை. தபால்காரருக்கே என் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. நம் தெருவுக்குள் வந்தால் மணி அடிக்காமல் போகிறார். இருந்தாலும் இந்தக் கடிதத்தை அழுதுகொண்டு எழுதவில்லை. நேற்றிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு தங்கவேல் அண்ணனிடம் போய், பழைய பேக்கிங் ரூமைப் பூஜைச் சாமான் வைக்கத் திறந்து விட்டிருக்கிறார்கள், மேலே இரும்பு ஆங்கிளில் ஏழு கொக்கி வைத்துக் கொடுங்கள், அலங்காரத்துக்கு வேண்டும் என்றேன். அவரை விட்டால் கம்பெனியில் நல்ல வெல்டர் யார்? ஏழு எதற்கு, ஆறு போதாதா என்றார். ஒற்றைப்படையாக இருந்தால்தான் சுபம் அண்ணா என்றேன். செங்கொடிக்காரர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்று வைத்துக் கொடுத்தார். ஆள் தொங்கினாலும் அசையாத கொக்கி.

பூஜை அன்று வழக்கம்போல எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை, பொரி, சுண்டல். எங்கள் செக்‌ஷனில் கைக்குழந்தைக்காரிகள் ஆறு பேர். அவரவர் கொண்டுவந்த பழைய சேலையில் ஆறு தூளி கட்டினோம். முடிச்சுப் போட்டது சகாயமேரி. “கவுறு நான் கட்றேன், குங்குமத்த நீங்க வெச்சுக்கோங்க, மாதா ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க” என்றாள். ஒவ்வொரு தூளிக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. ஐயர் கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தவர், இது என்னம்மா என்று கேட்டார். எங்கள் ஆயுதம் சாமி, இது ஓடினால்தான் எங்கள் கை ஓடும் என்றேன். அவருக்கு இன்னும் இரண்டு கம்பெனி பாக்கி. ஆறு தூளிக்கும் கற்பூரம் காட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். வாசல் பக்கம் முதல் தூளி லோகநாயகியின் சிவப்புச் சேலை. இரண்டாவது கன்னியம்மாவின் பச்சைச் சேலை. தங்கவேல் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, கடைசில நம்ம கலரத்தான் முன்னால வெச்சுக்கீது என் தங்கச்சி” என்றார். துலுக்கானம் அண்ணனுக்கு வந்ததே கோபம். பச்சையை எப்படி இரண்டாவதாகக் கட்டலாம், இது திட்டமிட்ட அவமதிப்பு, இப்போதே மாற்றிக் கட்ட வேண்டும் என்று நின்றார். கங்காதரன் நடுவில் புகுந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சேலை கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கொடி என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை மாமா. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டதா என்று பார்த்து எடுத்து வந்த சேலைகள் அவை.

எந்தச் சேலை எங்கே தொங்க வேண்டும் என்று கீழே வாக்குவாதம் முற்றுகிறது. சத்தத்தில் சிவப்புத் தூளிக்குள் லோகநாயகியின் மகள் விழித்துக்கொண்டாள். அவள் எந்தப் பேச்சும் பேசவில்லை. நேர் கீழே நின்றிருந்த தங்கவேல் அண்ணனின் வெள்ளைச் சட்டை தோளிலிருந்து நனைந்தது. துலுக்கானம் அண்ணன் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்தபடி ஒரு அடி தள்ளிப் பச்சைத் தூளிக்குக் கீழே போய் நின்றார். அங்கே கன்னியம்மாவின் மகன் படுத்திருந்தான். அடுத்த நிமிஷம் அவருக்கும் அபிஷேகம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. கங்காதரன் மட்டும் எந்தத் தூளிக்கும் கீழே நிற்காமல் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் முதலாளி தம் வீட்டம்மாவோடு ஒவ்வொரு மெஷினாக வந்து ஸ்விட்சைப் போட்டு ஓட விட்டுக்கொண்டே வந்தார். பேக்கிங் ரூம் வாசலில் நின்றுவிட்டார். ஆறு தூளியும் அப்படியே தொங்குகின்றன. பூஜையில் வைத்ததை ஓட்டாமல் கழற்றக்கூடாது என்று யாரும் தொடவில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். பாஸ்கல் சாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குழந்தையோடு நின்ற கன்னியம்மாவைப் பார்த்தேன். போ என்று கண்ணைக் காட்டினேன். அவள் போய்க் குழந்தையைப் பச்சைத் தூளியில் விட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். அது வாயைத் திறந்து சிரித்தது. முதலாளியம்மா, “ஓடுதுங்க” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விஜயதசமி அன்று ஓட ஆரம்பித்தது நிற்கக்கூடாது, பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவைப் போடுங்கள் என்று பாஸ்கல் சாரிடம் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். வேம்புலியம்மாள் என்று திருமுல்லைவாயில்காரம்மா மறுநாளே ஆயாவாகச் சேர்ந்தார். பாஸ்கல் சார் கம்பெனி ஆளாகக் கார்டு போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இப்போது எண்ணிப் பாருங்கள் மாமா. நாங்கள் முப்பது பேர். வேம்புலியம்மாள் யார்?

இரண்டு நாள் யாருக்கும் உறைக்கவில்லை. மூன்றாம் நாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த தங்கவேல் அண்ணன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார். “தங்கச்சி, முப்பத்தொண்ணு ஆயிடுச்சு! இது இப்போ சட்டம்! இனிமே எவனும் எடுக்க முடியாது!” என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். முதலில் மனு எழுதும்போதே ஆயா வேண்டும் என்று ஏன் கேட்டேன் என்று நினைத்தீர்கள்?

நேற்று நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்புச் சங்கம் ‘இடதுசாரிப் பெண் தொழிலாளர்களின் போர்க்குணத்துக்கு வெற்றி’ என்று ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே பச்சைச் சங்கம் ‘நம் பண்பாடும் பூஜையும் பெற்றுத் தந்த வெற்றி’ என்று ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் கீழே கங்காதரன் தம் கையெழுத்தில் ‘நடுநிலைக்குக் கிடைத்த வெற்றி’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஆகஸ்டில் என்னை வலது என்றவர் இப்போது இடது என்கிறார். இடது என்றவர் நம்ம ஆளு என்கிறார். நான் நின்ற இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை மாமா. அவர்கள்தான் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கன்னியம்மா இப்போது பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் பேக்கிங் ரூமுக்குப் போகிறாள். முகத்தைக் கழுவாமலே திரும்பி வருகிறாள். எனக்கு அது போதும். நோட்டீஸை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும்.

தங்கவேல் அண்ணன் இன்று காலை வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, உங்களுக்குத் தப்பாக எழுதிவிட்டதாகவும் திருத்தி எழுதுவதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீங்கள் எழுதித்தான் அவர் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டுமா அண்ணா என்று கேட்டேன். போகும்போது வாசலில் திரும்பி, அந்த ஏழாவது கொக்கி சும்மாவே இருக்கிறதே, கழற்றிவிடவா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ஆம் மாமா, ஏழாவது கொக்கி காலியாகத்தான் இருக்கிறது. அதில் கட்ட என் சேலை எதையும் எடுத்து வைக்கவில்லை. லீவில் வந்தபோது இடுப்பிலேயே கிடந்ததே, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன கட்டம் போட்ட லுங்கி, அதை மஸ்கட்டுக்கே எடுத்துப் போய்விட்டீர்கள். எனக்கு அது வேண்டும். பார்சலில் வேண்டாம். பங்குனிக்குள் நீங்களே கொண்டுவந்து கையில் கொடுங்கள். முன்பு இரண்டு தடவை அவசரப்பட்டு உங்களுக்கு எழுதினேன். இரண்டு தடவையும் அப்புறம் நீங்கள் அங்கேயும் நான் இங்கேயும் உட்கார்ந்து அழுதோம். அதனால் இந்தத் தடவை ஆவடி டாக்டரம்மா மூன்று முறை பார்த்துச் சொன்ன பிறகும் நான் எதையும் எழுதப் போவதில்லை. லுங்கி மட்டும்தான் கேட்கிறேன்.

ஒற்றைப்படை சுபம் என்று தங்கவேல் அண்ணனிடம் நான் சொன்னது பொய் இல்லை. கோபம் இன்னும் மிச்சம் இருந்தால் அதையும் லுங்கியோடு மடித்து எடுத்து வாருங்கள். இங்கே துவைத்துக்கொள்ளலாம். லுங்கி என்ன கலர் என்று கம்பெனியில் கேட்பார்கள். எப்போதோ வெளுத்துப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

படியில் மெதுவாக ஏறி இறங்கும்,
உங்கள் வல்லி